ஆறு மூட்டைக் கொட்டாங்கச்சி

தேவசகாயம் மாணவராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது அறுபத்தொன்று. அவருடைய குருவுக்கு முப்பத்தொன்பது.

அவர் ஒன்றும் தெரியாமல் வந்தவர் அல்ல. தெற்கே ஓர் உரத் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் வாயுப் பிரிவில் இருந்தவர். நாப்தா என்கிற பெட்ரோலிய எண்ணெயை நீராவியோடு சேர்த்துக் கடும் சூட்டில் ஏற்றினால் அது உடைந்து, ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் கலந்த வாயுவாக வரும். தொகுப்பு வாயு என்பார்கள். அதிலிருந்து உரம் செய்யலாம், புகையில்லாத எரிபொருளும் செய்யலாம். அந்தக் கணக்கெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, முள் காட்டியதை வைத்து அறிந்ததுதான். நெருப்பின் பக்கத்தில் போய் அவர் நின்றதில்லை.

ஓய்வு பெற்றதும் அவருக்கு ஓர் ஆசை பிடித்துக்கொண்டது. நாப்தாவில் வருகிற வாயு குப்பையிலும் வருமே என்று, மச்சான் வீட்டுத் தோட்டத்தில் ஏழு மாதம் உழைத்து ஓர் உலை கட்டினார். ஊர்க் குப்பையை அதில் போட்டார். வாயு வந்ததோ இல்லையோ, தார் வந்தது. நகராட்சியிலிருந்து பார்க்க வந்த அன்று எஞ்சின் நாலு நிமிடம் ஓடி, இருமி, நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தால் வால்வெல்லாம் கறுப்புப் பாகு. வந்தவர்கள் ஒன்றும் சொல்லாமல் காபி குடித்துவிட்டுப் போனார்கள். அந்த மரியாதைதான் அவரைச் சுட்டது.

அப்போதுதான் யாரோ சொன்னார்கள். பட்டுக்கோட்டைக்குக் கீழே கடலோரமாகக் கீழமணற்குடி என்று ஓர் ஊர். அங்கே ஒரு தேங்காய் எண்ணெய் ஆலை. கொட்டாங்கச்சியில் கேஸ் எடுத்து ஜெனரேட்டர் ஓட்டுகிறாள் ஒரு பெண். அந்த எஞ்சினை நாலு வருடமாகப் பிரித்ததே இல்லையாம்.

தேவசகாயம் பஸ் ஏறினார்.

அவர் பெயர் மங்கையர்க்கரசி. ஆலையில் எல்லோருக்கும் அரசியக்கா. கொட்டாங்கச்சி உடைக்க வந்தவர். கேஸ் மிஷினைப் பொருத்திய கம்பெனி ஆள் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனதும் மிஷின் நின்றது. எல்லோரும் அதைக் கைகழுவிய பிறகு, வேலை முடிந்த நேரத்தில் அரசி அதன் பக்கத்தில் போய் உட்கார ஆரம்பித்தார். அப்படித் தொடங்கிப் பதினாலு வருடம் ஆகிவிட்டது.

தேவசகாயம் தன் வரைபடங்களை விரித்து முக்கால் மணி நேரம் பேசினார். அரசி கடைசி வரை கேட்டார். சாப்பிட்டாச்சா என்று விசாரித்தார். பிறகுதான் தேவசகாயம் கேட்க வந்ததைக் கேட்டார்.

"என்னோடது தாரா விடுது. உங்களோடது ஏன் விடலை?"

அரசி ஒரு தீக்குச்சியை உரசிச் சாய்த்துப் பிடித்தார்.

"எது சார் எரியுது?"

"குச்சி."

"நல்லாப் பாருங்க."

குனிந்து பார்த்தார். தீ குச்சியின் மேல் உட்காரவில்லை. குச்சிக்கும் தீக்கும் நடுவே மயிரிழை அளவு இருட்டு இருந்தது. எரிந்தது மரம் அல்ல, சூடு பட்டு மரம் விட்ட ஆவி. முப்பத்திரண்டு வருடம் தாள் தாளாக எழுதிய விஷயம். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

குச்சி விரல் வரை வந்து அணைந்தது.

"இங்கே தங்கிக் கத்துக்கலாமாம்மா?"

தனக்குச் சொல்லிக்கொடுக்கவெல்லாம் வராது என்றார் அரசி. மிஷின் இருக்கிறது, பார்க்கலாம் என்றார்.

ரேஷன் கடை மாடியில் ஓர் அறை எடுத்தார் தேவசகாயம். காலை ஏழு மணிக்கெல்லாம் ஆலைக்கு வந்துவிடுவார். முதலில் கொட்டாங்கச்சி உடைத்தார். அவர் ஊரில் அதற்குப் பெயர் சிரட்டை. அவர் சிரட்டை என்று சொல்லும்போதெல்லாம் பெண்கள் சிரித்தார்கள். பெரிதாக உடைத்தால் உலைக்குள் சிக்கிக்கொள்ளும், பொடியாக்கினால் அடைத்துக்கொள்ளும். கையளவில் பாதி. அதற்கே மூன்று வாரம் பிடித்தது.

மிஷின் பார்க்க எளிமையானதுதான். மேலே கொட்டாங்கச்சி, நடுவில் நெருப்பு, அடியில் கரிப் படுகை. புகை மேலே போகாது. கீழே இழுக்கப்பட்டு, தணலாய்க் கிடக்கும் கரி வழியாகப் போகும். அந்தச் சூட்டில் தார் உடைந்து கேஸ் ஆகும். அதைத் தண்ணீரில் கழுவி, துணியில் வடித்து எஞ்சினுக்கு விட வேண்டும். எல்லாச் சூட்சுமமும் காற்றில்தான். முழுக் காற்று விட்டால் எல்லாம் எரிந்து சாம்பலாகிவிடும்.

அரசி எவ்வளவு காற்று விடுகிறார் என்று தேவசகாயம் தன் கருவியால் ஒரு மாதம் அளந்தார். முழுக்க எரியத் தேவையானதில் நாலில் ஒரு பங்கு, அதற்குச் சற்று மேல். புத்தகத்தில் இருக்கும் அதே எண். ஓடிப்போய்ச் சொன்னார். அரசி தலையாட்டிவிட்டு, சாம்பலை அள்ளிப் போடச் சொன்னார்.

"இந்த அளவு உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"பசியோட வச்சிருப்பேன் சார். ஒரு வாய் குறைச்சுத்தான் போடுவேன்."

தேவசகாயத்திடம் ஒரு குறை இருந்தது. எஞ்சினுக்கு விடுமுன் கேஸைக் குழாய் முனையில் கொளுத்திப் பார்ப்பார்கள். அந்தத் தீ கொஞ்சம் தள்ளாடினால் போதும், அவர் கை தானாகக் காற்று வால்வுக்குப் போய்விடும். அரசி அந்தக் கையை எடுத்துவிடுவார். பத்துப் பதினைந்து தடவைக்குப் பிறகு ஒருநாள் சொன்னார்.

"நெருப்பு கேக்கலை சார். உங்க பயம் கேக்குது."

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. இரண்டு நாள் தாமதமாக வந்தார். மூன்றாம் நாள் வழக்கம்போல ஏழு மணிக்கு வந்தார்.

கார்த்திகை மாதம் தங்கையின் பிரசவத்துக்காக அரசி தஞ்சாவூர் போனார். எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று தேவசகாயம் கேட்டதற்கு, பூனை சாக்குக் குவியலில் குட்டி போட்டிருக்கிறது, அதை விரட்ட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன நாலாம் நாள் புயல் அடித்தது.

விடிந்து பார்த்தபோது ஊர் அடையாளம் தெரியவில்லை. தென்னை மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. மின்கம்பம் ஒன்றுகூட நிற்கவில்லை. கடல் உள்ளே வந்து திரும்பியிருந்தது. கிணற்றிலும் கைபம்பிலும் உப்பு. குடிக்கத்தக்க தண்ணீர் ஆலைக்கு எதிரே இருந்த பஞ்சாயத்து ஆழ்துளைக் கிணற்றில்தான் இருந்தது, முந்நூறு அடிக்குக் கீழே. அதன் மோட்டாருக்குக் கரண்ட் இல்லை. டீசல் வர வழியும் இல்லை. ரோடு முழுக்க மரம்.

பஞ்சாயத்துத் தலைவர் வைரக்கண்ணு முழங்கால் சேற்றோடு ஆலைக்கு வந்தார். மூன்று ஊர் ஜனம், கைக்குழந்தைகள், விடிந்ததிலிருந்து குடிக்க இளநீர்தான் என்றார். அரசி எங்கே என்று கேட்டார். தஞ்சாவூரில் என்று தேவசகாயம் சொன்னதும் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

ஆலைக் கூரை பறந்திருந்தது. ஆனால் சேதமில்லாமல் மிஷின் நின்றது. தேவசகாயம் கொட்டாங்கச்சிக் குவியலைக் கிளறினார். மேலெல்லாம் தொப்பல். அடியில் ஆறு மூட்டை காய்ந்திருந்தது. ஒரு பகலுக்குக் காணும்.

"நான் ஓட்டுறேன்," என்றார்.

வைரக்கண்ணு அவரை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்குத் தெரிந்து தேவசகாயம் கொட்டாங்கச்சி உடைக்கிற வெளியூர்ப் பெரியவர். ஆனாலும் எழுந்தார்.

ஆலையிலிருந்து எதிர்ப்பக்க மோட்டார் அறைக்குக் கம்பி இழுத்தார்கள். அதற்குள் செய்தி பரவி, குடங்களோடு சனம் சேர்ந்துவிட்டது. அந்தக் கேஸுக்கு வாசனை இல்லை, மூச்சில் போனால் ஆளைக் கொன்றுவிடும் என்று சொல்லி, எல்லோரையும் காற்று வருகிற பக்கமாகத் தள்ளி நிற்க வைத்தார் தேவசகாயம். கரியை நிரப்பினார். தீ வைத்தார். ஊதுவிசிறியைக் கையால் சுற்ற வேண்டியிருந்தது. வைரக்கண்ணுவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுற்றினார்.

குழாய் முனையில் புகை வந்தது. வெள்ளை, பிறகு மஞ்சள். பந்தத்தைக் காட்டினார். பிடிக்கவில்லை.

பத்து நிமிடம் ஆயிற்று. மறுபடி காட்டினார். பிடிக்கவில்லை. ஒரு குழந்தை அழுதது. கூட்டத்தில் ஒருவர், இன்னும் கொஞ்சம் காற்றைத் திறந்தால் என்ன என்றார். வேறொருவர் அதையே சத்தமாகச் சொன்னார்.

தேவசகாயத்தின் கை வால்வின் மேல் இருந்தது. எப்போது போனது என்று அவருக்கே தெரியாது.

சூடு ஏறுமுன் திறந்தால் கரி எரிந்து தீரும், தார் நேரே எஞ்சினுக்குப் போகும். இது அவருக்குத் தெரியும். மச்சான் வீட்டுத் தோட்டத்திலும் தெரிந்துதான் இருந்தது.

கையை எடுத்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். அறுபத்தொரு வயது மனிதர் பள்ளிப் பிள்ளை போல அப்படி உட்கார்ந்திருப்பதைச் சனம் பார்த்தது. வைரக்கண்ணு சுற்றிக்கொண்டே இருந்தார்.

கொஞ்ச நேரத்தில் புகை மெலிந்தது. பிறகு இல்லாமலே போயிற்று. தீ செத்துவிட்டது என்று கூட்டம் முணுமுணுத்தது. தேவசகாயம் எழுந்து பந்தத்தை நீட்டினார்.

வெயிலில் தீ கண்ணுக்குத் தெரியவில்லை. குழாய்க்கு மேலே காற்று மட்டும் நெளிந்தது. ஓர் ஓலையை எடுத்து அங்கே காட்டினார். ஓலை குப்பென்று பற்றிக்கொண்டது.

எஞ்சினுக்கு விட்டார். இரண்டு தடவை உதறியது. மூன்றாவது தடவை பிடித்தது. சுவர்க் கடிகாரம் புயலில் போய்விட்டதால் வைரக்கண்ணுவின் மணிக்கட்டைப் பிடித்து நேரம் பார்த்தபடி நின்றார். நாலு நிமிடம் ஆயிற்று. ஐந்தாயிற்று. எஞ்சின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

எதிர்ப்பக்கம் குழாய் முதலில் காற்றைத் துப்பியது, பிறகு செம்மண் நீர், அதற்குப் பிறகு தண்ணீர். யாரும் கூச்சல் போடவில்லை. குடத்தோடு குடம் இடிக்கிற சத்தம் மட்டும் ரோட்டைத் தாண்டி வந்தது. அந்தச் சத்தம் கேட்டுத் தேவசகாயம் அழுதார். எண்ணெய் பட்ட கையால் துடைத்ததில் முகமெல்லாம் கறுப்பு.

ஆனால் ஆறு மூட்டைதானே. மத்தியானம் அவர் எஞ்சினின் புகைக்குழாயைத் திருப்பி, அதன் சூடு பழைய டிரம்களின் ஊடே போகும்படி செய்தார். நனைந்த கொட்டாங்கச்சியை அவற்றில் கொட்டினார். பொழுது சாயும்வரை டிரம்களிலிருந்து ஆவி எழும்பியது. இன்று ஓடியது நாளைக்கு வேண்டியதைக் காயவைத்துக் கொடுத்தது.

மறுநாள் தண்ணீருக்கு வந்த பெண்கள் ஒரு கையில் குடமும் மறுகையில் சாக்குமாக வந்தார்கள். யாரும் சொல்லவில்லை. வீட்டு முற்றத்தில் விழுந்து கிடந்த தேங்காயையெல்லாம் பொறுக்கி, கொட்டாங்கச்சியை அளவாக உடைத்தே கொண்டுவந்திருந்தார்கள். ஐந்தாம் நாள் டிராக்டரில் ஒரு நிவாரண அதிகாரி வந்து சேர்ந்தார். வழியெல்லாம் இருட்டையே பார்த்து வந்தவர், ஓடுகிற மோட்டாரையும் சார்ஜ் ஏறுகிற முப்பது நாற்பது போன்களையும் கண்டு அசந்துபோய், இதற்கு டீசல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார்.

"டீசல் இல்லை சார். புயல் போட்டுட்டுப் போனது," என்றார் வைரக்கண்ணு.

ஆறாம் நாள் காலையில் அரசி வந்தார். கடைசிப் பதினொரு கிலோமீட்டர் நடந்தே வந்திருக்கிறார். ஊர் எல்லைப் பாலத்தில் பையை இறக்கி வைத்துவிட்டு, எஞ்சின் சத்தத்தைக் கேட்டபடி ஒரு நாழி நின்றதாகப் பிறகு வைரக்கண்ணு சொன்னார்.

தேவசகாயம் அவரை ரோட்டில் பார்த்ததும் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். தோள் துண்டால் ஸ்டூலைத் துடைத்து வைத்தார். வால்வு எப்படி இருக்கிறது, எத்தனை தடவை கரி மாற்றியது, துணியைக் கழுவியது எல்லாம் மனத்துக்குள் வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அரசி ஆலைக்கு வரவில்லை. எதிர்ப்பக்கம் யாரிடமோ ஒரு மஞ்சள் குடத்தை வாங்கிக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார். மிஷின் இருந்த பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தேவசகாயம் கால் மணி நேரம் பொறுத்தார். அதற்கு மேல் முடியவில்லை. ரோட்டைக் கடந்து வந்து அரசியின் பக்கத்தில் நின்றார். என்னென்னவோ கேட்க நினைத்தவருக்கு ஒன்றுதான் வாயில் வந்தது.

"நான் சரியாச் செய்றேனாம்மா?"

அரசி வரிசையை எட்டிப் பார்த்தார்.

"எனக்கு முன்னால இன்னும் இருபத்திரண்டு குடம் இருக்கு சார். மிஷினை விட்டுட்டு வராதீங்க."