ஆவுடையம்மாளின் அப்பீல்

சண்முகவடிவு பள்ளிக்கூட டீச்சர் வேலையை விட்டுவிட்டுச் சட்டம் படித்தவர். ஐம்பது வயதில் கறுப்புக் கோட்டு போட்டார். தென்காசியில் அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த வக்கீல் பர்வீன் பானு, அவரைவிட வயதில் இளையவர்.

டீச்சர் தனியாக நடத்திய முதல் வழக்கு ஆவுடையம்மாளுடையது. அவள் வீட்டிலிருந்து தெருவுக்கு வரும் பாதையை அடைத்து, பக்கத்து நிலத்துக்காரர் சுடலைமுத்து சுவர் எழுப்பிவிட்டார். அவள் கணவனுக்குக் கால்கள் விளங்காது. ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால், வாய்க்கால் கரை வழியே இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

முன்சீப் கோர்ட்டில் வழக்கு தள்ளுபடியானது. ‘சுடலைமுத்து வீட்டார் அனுமதித்ததால் நடந்தார்கள், அது உரிமை ஆகாது’ என்றது தீர்ப்பு.

டீச்சர் அன்று ராத்திரி அழுதுகொண்டே அப்பீல் எழுதினார். நீதிபதிக்கு இரக்கமில்லை, ஏழைக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று பக்கம் பக்கமாக.

பர்வீன் பானு படித்துப் பார்த்தார்.

“டீச்சர், மார்க் குறைஞ்சுபோச்சுன்னு ஒரு பிள்ளை அழுதுட்டு வந்தா என்ன செய்வீங்க?”

“எந்தக் கேள்விக்குக் குறைஞ்சுதுன்னு கேட்பேன்.”

“புதுசா பரீட்சை வைப்பீங்களா?”

“அதெப்படி மேடம்? எழுதின பேப்பரைத்தான் திரும்பப் பார்ப்பேன்.”

பர்வீன் பானு மனுவைத் திருப்பிக் கொடுத்தார்.

ஆவுடையம்மாள் வந்தாள். “எங்க சின்னையா மகன் சாட்சி சொல்லுதேங்கான். மேல் கோர்ட்டுக்குக் கூட்டிட்டு வரட்டா?”

“இனிமே புதுச் சாட்சியைச் சேர்க்கிறது லேசில்லம்மா,” என்றார் டீச்சர். “ஏற்கெனவே சொன்னதுலதான் தேடணும்.”

தோற்ற வழக்கின் காகிதக் கட்டைத் தொடவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் முதல் பக்கத்திலிருந்து படித்தார். குறுக்கு விசாரணையில் சுடலைமுத்துவிடம் அவரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். பதில் இப்படி இருந்தது: ‘எங்க அப்பா காலத்துலேருந்து அவங்க அதுலதான் நடக்காங்க. யாரும் எங்ககிட்ட அனுமதி கேட்டதில்ல.’

கேட்காமலே நெடுங்காலம் நடந்திருந்தால் அது அனுமதியல்ல, உரிமை. தீர்ப்பில் அந்தப் பதிலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

டீச்சர் பழைய மனுவைக் கிழித்துப் போட்டார். புதிய மனு இரண்டே பக்கம். கெடு முடியுமுன் தாக்கலானது.

“அப்பீல் போட்டதால மட்டும் சுடலைமுத்து அந்தப் பாதையில கொத்தனார் வேலையை நிறுத்த மாட்டார்,” என்று பர்வீன் பானு நினைவூட்டினார். மேற்கொண்டு எதுவும் கட்டக் கூடாதென்று டீச்சர் இடைக்காலத் தடையும் கேட்டு வாங்கினார்.

ஒரு வருஷத்துக்குமேல் ஆயிற்று. மேல் கோர்ட் முதல் தீர்ப்பை ரத்து செய்து, சுவரை இடிக்கச் சொன்னது. சுவரை இடித்த அன்று, ஆவுடையம்மாள் கணவனைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தெருவரைக்கும் தானே தள்ளிக்கொண்டு வந்தாள். அவர் டீக்கடை வாசலில் வீடு திரும்ப மனமில்லாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

மறுவாரம் டீச்சர் பதறிக்கொண்டு வந்தார்.

“மேடம், சுடலைமுத்து அதுக்கும் மேல ஹைகோர்ட்டுக்குப் போகப் போறாராம்!”

“சட்டம் சம்பந்தமான கேள்வி இருந்தாத்தான் அங்கே எடுத்துக்குவாங்க. இருந்தா போகட்டும்.”

“தோத்தது தோத்ததுதானே? அவரை எப்படியாவது தடுக்க முடியாதா?”

பர்வீன் பானு எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார்.

“போன வருஷம் நம்மளை யாராவது அப்படித் தடுத்திருந்தா, டீச்சர்?”