மனிதர் என்று யார் எழுதிக் கொடுப்பது?

மந்தங்குறிச்சியில் புத்திசாலிகள் இல்லாமல் இல்லை. அவர்களெல்லாம் வெளியூரில் வேலை பார்க்கிறார்கள். மிச்சம் இருந்தவர்களை வைத்துத்தான் பள்ளிக்கூடம் நடந்தது.

அங்கே சமூக அறிவியல் வாத்தியார் ஞானசிகாமணி. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், ரொம்ப சாது. ஒரு திங்கட்கிழமை மாவட்ட அலுவலகத்திலிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. மனித உரிமைப் பாடங்களை இணையத் தரவுத்தளத்தில் தேடி எடுத்து, வெள்ளிக்கிழமை ஆய்வுக்கு வரும் அதிகாரியிடம் காட்ட வேண்டும். தவறினால் மலைமேல் இருக்கும் பள்ளிக்கு மாற்றல்.

ஞானசிகாமணி டவுன் பஸ்ஸிலேயே வாந்தி எடுக்கிறவர். மலைக்கு எழுபது வளைவு.

தலைமையாசிரியர் அருணகிரியும் வேதவல்லி டீச்சரும் துணைக்கு நிற்க, கணினியைத் திறந்து தேடினார். தரவுத்தளம் கிடைத்துவிட்டது. பாடங்களுக்கு முன்னால் ஒரு சின்னக் கட்டம் மட்டும் இருந்தது. பக்கத்தில், ‘நீங்கள் மனிதர்தான் என்பதை உறுதி செய்யவும்’ என்று எழுதியிருந்தது.

ஞானசிகாமணி கட்டத்தில் அமுக்கப் போனார். தலைமையாசிரியர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஆதாரம் இல்லாம அமுக்கிட்டு நாளைக்கு யார் பதில் சொல்றது?”

“ஆதார் கார்டு இருக்கே சார்.”

“அதுல ஆண்னுதானே போட்டிருக்கு? ஆட்டுலயும் ஆண் இருக்கு.”

“ரேஷன் கார்டு?” என்றார் டீச்சர்.

“அதுல குடும்பத் தலைவர்னு இருக்கு. மனிதர்னு எங்க இருக்கு?”

நியாயம்தான் என்று மூவருக்கும் பட்டது. ஞானசிகாமணி கிராம நிர்வாக அலுவலரிடம் ஓடினார். அலுவலரும் அதே ஊர்க்காரர்.

“சாதிச் சான்று கேளுங்க, இப்பவே தர்றேன். மனிதர்னு எழுதித் தர எனக்கு அதிகாரம் இல்ல” என்றார் அவர். ஞானசிகாமணி கெஞ்சியதைப் பார்த்து மனம் இளகி, விசாரித்து மேலே அனுப்புவதாக ஒப்புக்கொண்டார்.

புதன்கிழமை வீட்டுக்கே விசாரணைக்கு வந்தார்.

“இவர் மனிதர்தானாம்மா?” என்று ஞானசிகாமணியின் மனைவி செண்பகத்திடம் கேட்டார்.

“கல்யாணமாகிப் பதினேழு வருஷமாச்சு. நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றாள் செண்பகம்.

அலுவலர் ‘விசாரணை நிலுவையில் உள்ளது’ என்று எழுதிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்துவிட்டார். “பாடம் எங்கே?”

“விசாரணையில இருக்குதுங்க ஐயா.”

“என்ன விசாரணை?”

“நான் மனிதனாங்கிறதுதான்.”

அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். மாற்றல் ஆணையை எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் குத்திக் கையில் கொடுத்துவிட்டு ஜீப் ஏறினார்.

எழுபது வளைவும் ஞானசிகாமணியின் கண்முன்னால் சுற்றின. பாவம், அழுதேவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆணையை மறுபடி படித்தார். முகம் மெல்லத் தெளிந்தது.

“சார், ‘திரு. ஞானசிகாமணி அவர்கள்’னு போட்டு சீல் வச்சிருக்கார். ஆட்டுக்கு யாராவது மாற்றல் ஆணை கொடுப்பாங்களா?”

தலைமையாசிரியர் ஆணையை வாங்கிச் சீலைத் தடவிப் பார்த்தார். “கொடுக்க மாட்டாங்க.”

மூவரும் கணினிக்கு ஓடினார்கள். ஞானசிகாமணி ஆணையை, எழுத்து உள்பக்கம் பார்க்கும்படி திரைமேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். பத்து நிமிஷமாகியும் கட்டம் அப்படியே இருந்தது.

“இன்னும் திறக்கலையே சார்.”

“அவசரப்படாதீங்க” என்றார் தலைமையாசிரியர். “அரசாங்கத் தமிழ். அதுக்குப் புரிய நேரமாகும்.”