கிளி ஓட்டிய வில்லாளிகள்

முன்னொரு காலத்தில் செங்கரை நாட்டை விசயகீர்த்தி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் கொய்யாப்பழப் பைத்தியம். அதுவும் கிளி கொத்தாத பழமாக இருக்கவேண்டும். அதற்காக நாட்டின் சிறந்த வில்லாளிகளை அரண்மனைத் தோட்டத்தில் நிறுத்தினார். அம்பு விடக்கூடாது, மகாராணிக்குக் கிளி என்றால் உயிர். தட்டைத் தட்டி ‘ச்சூ, ச்சூ’ என்று விரட்டவேண்டும், அவ்வளவுதான். கேட்கவே வயிறு எரிகிறதா இல்லையா?

மாதம் நாலு பேராவது படையை விட்டே கழன்றுகொண்டார்கள். ராஜா சம்பளத்தைக் கூட்டிப் பார்த்தார், நெய்ச்சோறு போட்டுப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஆற்றங்கரை ஊர்களில் கொள்ளையர் புகுந்ததாகச் சேதி வர, மிச்சமிருந்த நாற்பது பேரும் தட்டைப் போட்டுவிட்டு ஊரைக் காக்க ஓடினார்கள்.

மறுநாள் காலையில் தளபதி சண்டமாருதர் அவர்களைப் பிடித்துக் கட்டி இழுத்துவந்தார். ‘ஊரில் கொள்ளையன், நாங்கள் கிளி ஓட்டிக்கொண்டு நிற்பதா?’ என்று அவர்கள் கேட்டது யார் காதிலும் ஏறவில்லை. பொழுது சாய்ந்ததும் அத்தனை பேர் கட்டைவிரலையும் வெட்டவேண்டும் என்றார். ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

மந்திரி அம்பலவாணர் பொறுக்கச் சொல்லிப் பார்த்தார். மந்திரி பேச்சு சபையில் எடுபடுவது தளபதிக்கு ஆகவே ஆகாது. “மந்திரியாருக்கு ஏடு தெரியும், படை தெரியுமா? நிறுத்திய இடத்தில் நிற்பவன்தான் வீரன்” என்று இளித்தார்.

“அப்படியானால் இன்று சாயங்காலம்வரை தோட்டத்தில் நீங்கள் நில்லுங்கள். நின்றுவிட்டால் நான் பதவியை விட்டுப் போகிறேன். நகர்ந்தால் அவர்களுக்கு என்னவோ அதுதான் உங்களுக்கும்” என்றார் மந்திரி.

தளபதி சிரித்துக்கொண்டே தட்டை வாங்கிக்கொண்டு போனார். மந்திரி ராஜாவின் காதில் ஏதோ சொல்லிவிட்டு வந்தார்.

உச்சிவேளை. தொண்டை கட்டும்வரை தளபதி கிளி ஓட்டிக்கொண்டிருக்கிறார். திடீரென்று கோட்டையில் போர்முரசு முழங்கியது. அவ்வளவுதான், தட்டு ஒரு பக்கம் பறந்தது, மனுஷன் வாளை உருவிக்கொண்டு சபைக்கே ஓடிவந்தார்.

“எதிரி யாரும் வரவில்லை, நான்தான் அடிக்கச் சொன்னேன்” என்றார் ராஜா. “நீர் ஏன் இடத்தை விட்டு வந்தீர்?”

“முரசு கேட்டும் கிளி ஓட்டிக்கொண்டு நிற்கவா நான் படையில் சேர்ந்தேன், மகாராஜா?”

“காலையில் இந்த நாற்பது பேரும் இதைத்தானே கேட்டார்கள், தளபதியாரே” என்றார் மந்திரி.

தளபதிக்கு முகம் செத்துவிட்டது. ராஜாவுக்கும் வெட்கம் பிடுங்கித் தின்றது. தப்பு தன்னுடையது என்று எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டார். நாற்பது பேரையும் அவரவர் ஊர்ப்பக்கத்து ஆற்றங்கரைக் காவலுக்கு அனுப்பினார், தன் கழுத்து ஆரத்தைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். அதன்பிறகு படையை விட்டுப் போனவன் ஒருவனும் இல்லை.

தளபதிக்குத் தண்டனை? நாற்பது பேரும் கிளம்புமுன் அவர்கள் கட்டுகளை அவர் கையாலேயே அவிழ்க்கவேண்டும் என்றார் ராஜா. ஒவ்வொரு முடிச்சாக அவிழ்க்கும்போதுதான், கட்டைவிரல் இல்லாவிட்டால் கையே எதற்கும் ஆகாது என்று அவருக்குப் புரிந்தது.