பொக்கையின் வடிவம்

பஞ்சைக் குச்சியில் சுற்றி, எச்சில் தொட்டு, ஓவியத்துப் பெண்ணின் மணிக்கட்டில் மெல்ல உருட்டினார் ஆவுடையப்பன். பஞ்சில் இளஞ்சிவப்பு ஏறியது.

"என்னுடையதுதான்" என்றார்.

ஜெபசீலி இன்னொரு குச்சியை எடுத்துப் பெண்ணின் கழுத்தோரத்தில் உருட்டினார். அந்த இடத்தை ஆவுடையப்பன் தொட்டதே இல்லை. இந்தப் பஞ்சிலும் அதே இளஞ்சிவப்பு.

"இது யாருடையது?"

ஆவுடையப்பன் குச்சியைக் கீழே வைத்தார்.

மரப்பலகையில் தீட்டிய ஓவியம் அது. இருநூறு வருடம் இருக்கும். வரைந்தவர் பெயர் தெரியாது. உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். கிடங்கிலிருந்து வந்த நாளில் அவளுடைய வலது கைப் பக்கம் வண்ணம் உதிர்ந்து மரம் தெரிந்தது. அருங்காட்சியகத்தின் பின்கட்டில், பழுது பார்க்கும் அறையில், அப்படி உதிர்ந்த இடத்தைப் பொக்கை என்பார்கள். பொக்கையை அடைக்கலாம். ஆனால் அடைத்தது தெரிய வேண்டும். ஆறடி தள்ளி நின்றால் கண்ணில் படக் கூடாது. ஒரு சாண் தூரத்தில் மெல்லிய கோடு கோடாகத் தெரிய வேண்டும். அடைப்பதற்கு முன் படம் பிடித்து வைக்க வேண்டும். அந்த அறையின் முதல் பாடம் இது. சொல்லிக்கொடுத்தவர் ஜெபசீலி. கற்றுக்கொண்டவர் அவரைவிடப் பதினான்கு வயது மூத்த ஆவுடையப்பன்.

அவர் முன்பு கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர். பிறகு இங்கே வாசலில் காவலுக்கு நின்றார். விரல் நிதானமாக இருக்கிறது என்று ஜெபசீலிதான் உள்ளே அழைத்துக்கொண்டார்.

பங்குனியில் ஜெபசீலி இரண்டு வாரம் விடுப்பில் போயிருந்தார். அந்த இரண்டு வாரத்தில் ஓவியம் கிடங்கிலிருந்து வந்தது. பொக்கையைப் பார்த்தவர் ஆவுடையப்பன் ஒருவரே. படம் பிடிக்கவில்லை, கோடும் போடவில்லை. ஓவியர் அரைத்த அதே கற்களை அரைத்து, அதே பிசினில் குழைத்து, கையை முழுசாக்கிவிட்டார். ஜெபசீலி திரும்பி வந்தபோது பெண் ஒரு தாழம்பூ மடலைப் பிடித்திருந்தாள். நல்ல நிலையில் இருக்கும் பலகை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஆனியில் ஒரு பேராசிரியர் வந்தார். தாழம்பூவைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதினார். கடலோரத்து ஓவியர் அல்லாமல் வேறு யாரும் மடலை இப்படி மடக்கி வரைய மாட்டார் என்பது அவர் முடிவு. போகும்போது ஆவுடையப்பனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, இதைக் காப்பாற்றிக் கொடுத்ததற்கு நன்றி சொன்னார். ஆவுடையப்பனுக்கு அன்று மதியச் சோறு இறங்கவில்லை. ஆடி பிறந்ததும் ஜெபசீலியிடம் வந்து சொல்லிவிட்டார்.

தையில் கண்காட்சி. படத்துக்குப் பெயரும் வைத்தாகிவிட்டது: தாழை ஏந்திய பெண். அதற்குள் தன் வேலையை மட்டும் துடைத்து எடுத்துவிட வேண்டும் என்றார் ஆவுடையப்பன். செய்தது எழுத்தில் போனால் இயக்குநர் அவரை மறுபடி வாசலில் நிறுத்திவிடுவார். ஆனால் தன் வேலை எது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. மடலின் நுனி முதலிலேயே இருந்தது, அதைப் பார்த்துத்தான் மீதியைப் போட்டோம் என்று ஒரு நாள் தோன்றுகிறது. மறுநாள், இரண்டு விரல் தவிர ஒன்றுமே இல்லாததுபோல் தோன்றுகிறது.

புது வண்ணத்தைக் காட்டிக்கொடுக்கும் நீல விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தார்கள். எல்லாம் ஒரே நிறத்தில் ஒளிர்ந்தது. கிடங்கிலிருந்த பழைய புகைப்படத்தை எடுத்தார்கள். பிளாஷ் வெளிச்சம் சரியாகக் கையின் மேலேயே விழுந்து, அங்கே ஒரு வெள்ளை வட்டம் இருந்தது.

ஜெபசீலி ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டார். ஓவியத்துக்கு முதுகைக் காட்டி ஆவுடையப்பனை உட்காரச் சொன்னார். கண்ணாடித்தாளும் பென்சிலும் கொடுத்தார்.

"அன்னைக்குப் பார்த்த பொக்கையை வரைங்க."

வெளியே ஆடிக் காற்று. கதவிடுக்கில் புழுதி நுழையாமல் இருக்க ஈரத் துணி திணித்திருந்தார்கள். பத்து நிமிடத்தில் தாளை நீட்டினார். ஐந்து விரல், நகங்கள், மடல்.

"கை கேட்கலை அண்ணே. பொக்கை கேட்டேன்."

மறுபடி வரைந்தார். நீள்வட்டம்.

"முட்டை நல்லா இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. "பலகையைப் பிரிச்சதும் எனக்குக் கைதான் மேடம் தெரிஞ்சுது."

"இல்லாத கையா?"

"ஆமா."

ஜெபசீலி தாளை மடித்து வைத்துக்கொண்டார். மழை வரட்டும் என்றார். ஈரத்தில் மரம் உப்பும். பழைய வண்ணம் ஒரு மாதிரியும் புதியது ஒரு மாதிரியும் எழும்பினாலும் எழும்பும்.

ஐப்பசியில் மழை வந்தது. கிடங்கின் கீழ்த்தட்டுகளைக் காலி செய்து மேலே ஏற்றினார்கள். ஈரத்தை உறிஞ்சுவதற்காக அலமாரிகளில் வைத்த நீல மணிகள் ரோஜா நிறமாகின. அவற்றை அடுப்பில் வாட்டி மறுபடி நீலமாக்குவதே பாதி வேலையாக இருந்தது. மீதி நேரமெல்லாம் ஆவுடையப்பன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஓவியத்தின் முன் குனிந்திருந்தார். மரம் உப்பியது. கையும் மடலும் கழுத்தும் ஒன்றாக எழும்பின, ஒன்றாக அடங்கின.

பார்க்கப் பார்க்க அவருக்குச் சந்தேகம் பரவியது. கழுத்தும் தன் வேலை மாதிரி இருக்கிறது என்றார். அடுத்த வாரம் காது. ஒரு வெள்ளிக்கிழமை, முகமே தான் போட்டதாக இருக்குமோ என்றார்.

"டீ குடிச்சிட்டு வாங்க. இருநூறு வருஷத்துக்கு முன்னாடி நீங்க இல்லை."

டீ குடித்துவிட்டு வந்தார். நாற்காலி திரும்பியிருந்தது. இந்த முறை ஓரங்கள் பிய்ந்த ஒரு வடிவம் வந்தது, தீவு மாதிரி. அதன் நடுவில், மிக லேசாக, இரண்டு விரல்.

"இது எப்ப வந்துச்சு?"

அவர் குனிந்து பார்த்தார். வரைந்ததே தெரியாது என்றார். ஜெபசீலி ரப்பரை எடுத்து விரல்களை அழித்தார். ஆவுடையப்பன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்கழியில் பின்கட்டு முழுக்க மரப்பெட்டிகளும் வைக்கோலும். மண்டபத்துக்குப் போகிற ஓவியங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்தார்கள். அச்சடித்த பெயர்ச்சீட்டுகள் வந்தன. ஒரு காலையில் இயக்குநரிடமிருந்து அட்டைகள் வந்தன, ஓவியத்துக்கு ஒன்று. மாலைக்குள் நிரப்பித் தர வேண்டும். அளவு, நிலை, வந்த வழி. கடைசியில் மூன்று கட்டங்கள். பிற்கை உண்டா, இல்லையா. உண்டென்றால் எங்கே. செய்தவர் யார். பிற்கை என்றால், ஓவியருக்குப் பின் அந்தப் பலகையில் பட்ட வேறு கை.

தாழை ஏந்திய பெண்ணின் அட்டையை ஜெபசீலி ஆவுடையப்பனிடம் கொடுத்தார். கீழே தன் கையெழுத்தை அவர் முன்னதாகவே போட்டிருந்தார்.

"என்ன எழுத மேடம்?"

"உள்ளதை."

"அதானே தெரியலை."

அவரே போய் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். இந்த முறை யோசிக்கவில்லை. பென்சில் ஒரே ஓட்டமாக ஓடியது. உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் ஓரம் மட்டும். எழுந்து வந்து தாளை ஓவியத்தின் மேல் வைத்தார். கோடு மணிக்கட்டைச் சுற்றி, கட்டைவிரலை உள்ளே வாங்கி, மடலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. மடலின் கீழ்ப்பாதி உள்ளே, நுனி வெளியே.

நின்றபடியே கொஞ்ச நேரம் பார்த்தார். ஆடியிலிருந்து அவர் முகத்தில் இருந்த இறுக்கம் விட்டது.

"கிடைச்சிருச்சு மேடம். கீழே என்னுது, நுனி வரைஞ்சவருது. பேராசிரியர் சொன்னதும் தப்பில்லை." பஞ்சுக் குச்சிக்குக் கை நீட்டினார். "அரை மணி நேரத்துல எடுத்துடறேன். அப்புறம் பிற்கை இல்லைன்னு போட்டாலும் பொய் கிடையாது."

ஜெபசீலி தாளை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோட்டில் ஓர் இடத்திலும் நடுக்கம் இல்லை. வளைவுகள் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்து, தொடங்கிய இடத்தில் பிசகாமல் வந்து சேர்ந்தன.

"அழகா இருக்கு" என்றார்.

ஆவுடையப்பன் குச்சியில் பஞ்சைச் சுற்றி எச்சில் தொட்டார்.

"பொக்கை இவ்வளவு அழகா இருக்காது அண்ணே."

குச்சியின் நுனியில் சுற்றிய பஞ்சு காய்ந்துகொண்டிருந்தது.

ஜெபசீலி தாளை மேசையில் வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போனார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஆவுடையப்பன் அட்டையை இழுத்து வைத்துக்கொண்டார். முதல் கட்டத்தில் உண்டு என்று எழுதினார். மூன்றாவதில் தன் பெயரை, தகப்பனார் பெயரின் முதல் எழுத்தோடு. எங்கே என்ற இரண்டாவது கட்டத்தில் பேனாவை வைத்தார். பிறகு ஒன்றும் எழுதாமல் அதை எடுத்து மூடிவிட்டு, மை காயட்டும் என்று அட்டையை ஜன்னலோரம் சாய்த்து வைத்தார்.