உபயம்: தனுஷ்கோடி

டியூப்லைட் வாங்கித் தந்தால், வெளிச்சமே வெளியே வராதபடி அதன்மேல் 'உபயம்' என்று தன் பெயரை எழுதிவிடுகிற ஆசாமி தனுஷ்கோடி முதலாளி. அப்பேர்ப்பட்டவர் மனநலத்துக்கு நிதி கொடுக்கக் கிளம்பினால் பெயரை எங்கே எழுதுவார்?

மனசு நொந்தவர்கள் கூடிப் பேசும் அந்தச் சின்ன அமைப்பை, நிதி வராவிட்டால் மூடவேண்டியதுதான். முதலாளியோ மேடையில் காசோலையை ஆட்டினார்.

"குணமானவங்களை மேடையேத்துங்க. கழுத்துல என் பேரு போட்ட அட்டையோட ஒரு போட்டோ. அப்புறந்தான் பணம்."

அங்கே டீ போடும் கோமு முன்னே வந்தாள்.

"ஐயா, அவுகளும் ஊர்க்காரவுகளும் கலந்துதான் உக்காந்திருக்காக. நீங்களே ஒருத்தரைக் கண்டுபிடிங்க, அட்டையை நானே மாட்டுதேன். முடியலேன்னா எல்லாரும் குணமாயிட்டாகன்னு பணத்தைக் கொடுத்துரணும். சம்மதமா?"

"மூஞ்சியைப் பார்த்தாலே சொல்லிருவேன். சம்மதம்!"

தூணோரம் ஒருவர் தனியாகப் பேசிக்கொண்டு, அழுது, வானத்தைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அதோ, அந்த ஆளு!"

அந்த ஆள் பதறி ஓடிவந்தார். "முதலாளி, அதுக்குள்ள வாழ்த்துரையா? 'கருணைக் கடலே'ங்கிற இடத்துல எனக்கு இன்னும் அழுகை சரியா வரலையே!"

அவர் முதலாளியின் சொந்த மேனேஜர். காலமெல்லாம் முதலாளி அவருடைய குனிந்த தலையைத்தானே பார்த்திருக்கிறார், முகத்தை எங்கே கண்டார்?

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "இவருக்கே மாட்டிரட்டுமா ஐயா?" என்றாள் கோமு.

காசோலை கைமாறியது. அட்டைகளால் கோமு டீ அடுப்பை விசிறினாள். அந்தப் பெயரால் வெளிச்சம் வந்தது அன்றைக்குத்தான்.