கிழக்குக் குகை

வீரணன் துறவு பூணுவதற்கு முன்னால் கல்லுடைப்பவனாக இருந்தான். ஐம்பதைத் தாண்டியவன். அடைக்கலநாதர் என்ற குருவைத் தேடிக் கருங்குன்றுக்கு வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. குன்றுக்குப் பாதை வெட்டியது அவன்தான். சுனையைத் தூர்வாரியதும் அவன்தான்.

நல்லசிவம் வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஜவுளிக் கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுத்தவர். மனைவி இறந்ததும் கிளம்பி வந்துவிட்டார். வந்த மறுவாரமே குரு அவரைக் காலை நடைக்கு உடன் அழைத்தார். அதுவரை அந்த நடையில் கூடப் போனது வீரணன். சித்திரையில் கிழக்குக் குகையையும் அவருக்கே கொடுத்தார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் வீரணன் வாய்விட்டுக் கேட்ட குகை அது. பார்க்கலாம் என்று அன்று சொன்ன குரு, பிறகு அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை.

வீரணன் கஞ்சி ஊற்றும்போது நல்லசிவத்துக்கு மட்டும் மேல்தண்ணீராகப் பார்த்து ஊற்றினான். அவர் அதையும் கும்பிட்டு வாங்கிக் குடித்தார். அவனுக்கு அது இன்னும் எரிந்தது. மலை உச்சியில் குருவும் அவரும் சிரிப்பது காதில் விழுந்தால் அன்று முழுக்க அவனுக்கு வேலையில் கை ஓடாது.

ஐப்பசி மழை ஒன்பது நாள் விடாமல் பெய்து வெறித்தது. விறகு பொறுக்கப் போன வீரணன் கிழக்குக் குகைக்கு மேலே ஏறினான். குகைக்குக் கூரையாக நீட்டிக்கொண்டிருந்த பாறையில் ஒரு விரிசல். அவன் வந்த புதிதில் நகம் மட்டுமே நுழைந்த இடத்தில் இப்போது நான்கு விரலும் நுழைந்தன. உள்ளே இச்சி மரத்தின் வேர் இறங்கியிருந்தது. ஒரு கல்லை எடுத்துத் தட்டிப் பார்த்தான். நல்ல பாறை கணீரென்று பேசும். இது பொத்தென்றது. அதற்கு மேல் அவனுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இறங்கி வரும்போது குரு எதிரே வந்தார். விறகு ஈரமா என்று கேட்டார். ஈரம்தான் என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

இரண்டு நாள் போனது. சொல்லிவிடலாம் என்று நினைப்பான். உடனே, காலையில் கூட நடப்பவரே பார்த்துச் சொல்லட்டுமே என்று தோன்றும். பாறை விழாமலும் போகலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கல்லுடைத்தவன் நம்பக்கூடிய சொல் அல்ல அது.

மூன்றாம் நாள் நண்பகல். நல்லசிவம் காய்ச்சலில் குகைக்குள் படுத்திருந்தார். வீரணன் கஞ்சிக் கலயத்தோடு வாசலுக்கு வந்தபோது மேலிருந்து பொடிமண் உதிர்ந்தது. பிறகு கடலை அளவுக்குக் கற்கள். கலயத்தைப் போட்டுவிட்டு உள்ளே பாய்ந்தான். நல்லசிவத்தின் இரண்டு கைகளையும் பிடித்து மூட்டையை இழுப்பதுபோல இழுத்தான். வாசலைத் தாண்டிப் பத்தடி வந்திருப்பார்கள். பாறை இறங்கியது.

புழுதி அடங்கியதும் நல்லசிவம் தட்டுத்தடுமாறி எழுந்து வீரணனின் காலைத் தொட்டார். வீரணன் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, நேராகக் குருவிடம் போனான்.

"மூன்று நாளாக எனக்குத் தெரியும் ஐயா."

"ஏன் சொல்லவில்லை?"

"பொறாமை."

"எப்போதிருந்து?"

"நீங்கள் அவருக்கு அந்தக் குகையைக் கொடுத்த நாளிலிருந்து."

குரு எழுந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனார். பாறை, உடைந்த முகம் மேலே தெரியக் கவிழ்ந்து கிடந்தது.

"இது எப்போது உடைந்தது, வீரணா?"

இன்றைக்குத்தானே என்று வாயெடுத்தவன், நிறுத்திக் குனிந்து கையால் தடவினான். உடைந்த முகம் கறுத்திருந்தது. பாசி, வேர் ஓடிய தடம், தண்ணீர் இறங்கிய செம்மண் கோடுகள்.

"பழைய உடைப்பு ஐயா. நான் இங்கே வருவதற்கு முன்பே தொடங்கியிருக்கிறது. வெயிலும் தண்ணீரும் வேருமாக, கொஞ்சம் கொஞ்சமாக."

"கடைசியில் மழை தள்ளிவிட்டதா?"

"தள்ள ஆள் வேண்டாம். தன் கனமே இழுத்துவிடும்."

தான் சொன்னது அவனுக்கே உறைத்தது. கல் உடைத்த காலத்தில், தன் கூடப்பிறந்த தம்பியின் கைவேலையை மேஸ்திரி புகழ்ந்தார் என்பதற்காக, அந்தத் தம்பியோடு ஆறு வருடம் பேசாமல் இருந்தது நினைவுக்கு வந்தது.

பாறையிலிருந்து கையை எடுத்துக்கொண்டு கேட்டான். "இனி நான் இந்தக் குன்றில் இருக்கலாமா ஐயா?"

குரு பாறையின் ஒரு ஓரத்தைக் காட்டினார். அங்கே மட்டும் கல் உப்பைப்போல வெளுப்பாக இருந்தது. ஒரு சாண் அகலம் இருக்கும். இன்று உடைந்த இடம் அது ஒன்றுதான்.

"இவ்வளவு கனத்தையும், இன்று நீ குகை வாசலுக்கு வந்துசேரும்வரை தாங்கியது இந்த ஒரு சாண்தானே" என்றார்.