புதன் இழுத்த கயிறு

கோள்களுக்கு வாய் இருந்த அந்தக் காலத்தில், எல்லாக் கோள்களும் சூரியனைச் சரியான வட்டத்தில்தான் சுற்றின. ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு கயிறு. மறுமுனை சூரியனின் கையில். சூரியனைப் பார்த்தபடியேதான் நடக்க வேண்டும், அவருக்கு முதுகு காட்டக் கூடாது என்பது வழக்கம். அது யார் போட்ட வழக்கம் என்று எவரும் கேட்டதில்லை.

எல்லோரிலும் சிறியவன் புதன். கயிறும் அவனுக்குத்தான் குட்டை. முகம் வெந்து, கொப்புளங்கள் உடைந்து, குழி குழியாகிவிட்டது.

"ஐயா, கொஞ்சம் தள்ளி நடந்துக்கிறேன். தாங்க முடியல" என்று கெஞ்சினான்.

"இன்னிக்கு நீ கேப்பே, நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. நட" என்றார் சூரியன்.

புதன் தனக்குப் பின்னால் நடப்பவர்களிடம் பேசினான். திரும்பிப் பார்க்காமலே பேசினான்.

"ஒருத்தன் இழுத்தா கயிறு அறாது. எல்லாரும் இழுத்தா அவர் கை தாங்காது. நாம ஒரே வரிசையில வர்ற நாள்ல, முதுகைத் திருப்பி ஒண்ணா இழுப்போம்."

"இழுக்கிற இழுப்புல கிழவன் குப்புற விழணும்! அன்னிக்கு என் நிறத்தைப் பாருங்க" என்றான் செவ்வாய்.

"எம்மேல பிள்ளைங்க இருக்கே" என்றாள் பூமி. பிறகு, "சரி தம்பி, நானும் வர்றேன்" என்றாள்.

புதனுக்கு அடுத்து நடந்தவன் வெள்ளி. "நீ தொடங்கு தம்பி. அண்ணன் உன் முதுகுக்குப் பின்னாடியே நிக்கிறேன்" என்றான்.

சத்தியம் செய்வதில் யாரும் குறை வைக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே செய்த சத்தியம்.

அந்த நாள் வந்தது. எல்லோரும் ஒரே வரிசையில் நின்றார்கள். "இழு!" என்று கத்திக்கொண்டு புதன் சூரியனுக்கு முதுகு காட்டினான். உயிரைக் கொடுத்து இழுத்தான். கயிறு நீண்டது. அப்போதுதான் தோழர்களை அவன் முதன்முறையாகப் பார்த்தான்.

செவ்வாய் திரும்பி இழுத்தான். நடுவில் மற்றவர்களை ஓரக்கண்ணால் பார்த்துக் கை தளர்ந்தான். பூமி அரைகுறையாகத் திரும்பினாள். பிள்ளைகள் அலறியதும் பழையபடி நின்றாள். தொலைவில் இருந்த பெரியவர்கள் கயிற்றைச் சற்று அசைத்துப் பார்த்ததோடு சரி. வெள்ளி அசையவே இல்லை. சூரியனையே பார்த்துக்கொண்டு, முகமெல்லாம் வெளிச்சமாக நின்றான்.

"அண்ணே, இழுங்க!"

"முதல்ல நீ அறுத்துக் காட்டு தம்பி. அப்புறம் பார்க்கலாம்."

சூரியன் கோபப்படக்கூட இல்லை. பிடித்த பிடியை விடவில்லை, அவ்வளவுதான். புதன் வேகவேகமாகச் சரிந்து, முன்பு நடந்த இடத்தையும் தாண்டி நெருப்பின் அருகே வந்தான். முன்னிலும் அதிகமாக வெந்தான். ஓடி வந்த வேகம் அவனை மறுபடி வெளியே எறிந்தது. கடைக்கோடியில் நடை தளர்ந்து, யாராவது இழுக்கிறார்களா என்று பார்த்தான். யாரும் இழுக்கவில்லை. மறுபடி சரிந்தான். இன்னும் சரிந்துகொண்டிருக்கிறான். அதன் பிறகு கோள்கள் எதுவும் பேசவில்லை. பேச என்ன இருந்தது?

அந்த ஒரு நாளிலிருந்துதான் சூரியனுக்கும் கோள்களுக்கும் உள்ள தூரம் ஒரே அளவாக நிற்காமல், கூடுவதும் குறைவதுமாக இருக்கிறது. எவர் எவ்வளவு இழுத்தாரோ, அவர் பாதையில் அவ்வளவு கோணல். புதனுக்கு மிக அதிகம், செவ்வாய்க்கு அதில் பாதி, பூமிக்குக் கொஞ்சம். வெள்ளியின் பாதை மட்டும் ஏறக்குறைய அதே பழைய வட்டம். வானத்தில் நமக்குப் பளிச்சென்று தெரிகிற கோளும் அவன்தான். அவனுக்குத்தான் விடிவெள்ளி என்று பெயர் வைத்திருக்கிறோம்.